கோடை முகாமில் அடிபட்டால்... பில் யார் கட்டுவது?

பரீட்சை முடிந்தாயிற்று. பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ‘எங்கேயாவது சம்மர் கேம்ப்ல சேர்த்து விட்டாத்தான் நிம்மதி’ என்று அம்மாக்கள் பெருமூச்சு விடுகிற காலம் இது. எங்கள் தூத்துக்குடியிலும் குறைச்சல் இல்லை. தருவை மைதானத்தில் விளையாட்டுப் பயிற்சி, டியூஷன் சென்டர் மாடியில் ஓவியம், கராத்தே, யோகா... கடைசி நாளில் முயல் தீவுக்கோ, முத்துநகர் கடற்கரைக்கோ ஒரு பிக்னிக்!

தாராளமாக அனுப்புங்கள். ஓடியாடி வியர்த்தால் நன்றாகப் பசிக்கும், ராத்திரி நல்ல தூக்கம் வரும். இதற்கு ஈடான மருந்து என்னிடமும் இல்லை. ஆனால், பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்க முகாமுக்குப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கீங்களா?’ அதாவது, லயபிலிட்டி இன்சூரன்ஸ்.

‘என்ன டாக்டர், கஷாயம் சொல்லுவீங்கன்னு பார்த்தா, இன்சூரன்ஸ் ஏஜென்ட் மாதிரி பேசுறீங்களே!’ என்கிறீர்களா? சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த முதல் பாடமே வருமுன் காப்பதுதான். இதுவும் அதில் சேர்த்திதான். எப்படி என்று சொல்கிறேன்.

தெருக்காரங்க ஆச்சே!

சில வருடங்களுக்கு முன் ஒரு ஒன்பது வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகாமில் சறுக்கு விளையாட்டில் விழுந்து முழங்கை வீங்கியிருந்தது. ‘எண்ணெய் போட்டு நீவிக் கட்டு கட்டுங்கய்யா’ என்றார் அம்மா. நான் தொடவில்லை. பிள்ளைகளின் முழங்கை எலும்பு முறிந்தால் பக்கத்தில் ஓடும் ரத்தக் குழாயும் நரம்பும் நசுங்கக் கூடும். இழுத்து நீவினாலோ, இறுக்கிக் கட்டினாலோ கையே சூம்பிப் போகலாம். விரல் வெளுக்கிறதா, மரத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எடுக்கவும் எலும்பு டாக்டரைப் பார்க்கவும் அனுப்பினேன். ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். கை பிழைத்தது.

ஆனால், அதற்கப்புறம் நடந்ததுதான் வருத்தம். முகாம் நடத்தியவர் அதே தெருவில் இருக்கும் டியூஷன் டீச்சர். நல்ல மனுஷி. அவரிடம் ஆஸ்பத்திரி பில் கட்டப் பணம் கிடையாது. ‘அவங்க நம்ம தெருக்காரங்க டாக்டரய்யா, எப்படிக் காசு கேக்க?’ என்று இந்த அம்மா தவித்தார். ‘கேட்காமலே இருந்தாங்கன்னா, மனசுல என்ன நினைக்கிறாங்களோ’ என்று அந்த டீச்சர் தவித்தார். கடைசியில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. ஒரு பாலிசி இருந்திருந்தால் இரண்டு குடும்பமும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்.

இரண்டும் ஒன்றல்ல

இங்கேதான் பலருக்கும் குழப்பம். ‘கேம்ப்ல இன்சூரன்ஸ் உண்டுன்னு சொன்னாங்களே’ என்பார்கள். எந்த இன்சூரன்ஸ்?

ஒன்று, விபத்துக் காப்பீடு. பிள்ளையின் பெயரில் எடுப்பது. யார் தப்பு என்று பார்க்காமல், பாலிசியில் சொன்ன தொகையைத் தரும். பெரும்பாலும் தொகை சிறியது. மருத்துவச் செலவு அதில் சேருமா என்பதையும் படித்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பொறுப்புக் காப்பீடு. முகாம் நடத்துபவர் எடுப்பது. அவர் பக்கத்துக் கவனக்குறைவால் பிள்ளைக்கு அடிபட்டு, அவர் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டி வந்தால், பாலிசித் தொகை வரைக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். பொதுத்துறைக் கம்பெனிகளும் தனியார் கம்பெனிகளும் இதைத் தருகின்றன.

‘பேங்க்ல வருஷம் 20 ரூபாய் பிடிக்கிறாங்களே, அது போதாதா?’ போதாது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் 18 வயது முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

வேனுக்கு உண்டு, முகாமுக்கு இல்லை!

எங்கள் ஊர் துறைமுக ஊர். இன்சூரன்ஸ் என்ற சொல் இங்கே புதிதல்ல. வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் பெரிய சரக்குக் கப்பல், தன்னால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கும் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். பிள்ளையை முகாமுக்கு ஏற்றிப் போகும் வேனுக்கு, மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆனால், வேனை விட்டு இறங்கி நாள் முழுக்க இருக்கப் போகிற முகாமுக்கு? அப்படி ஒரு பொதுவான கட்டாயம் இல்லை. போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு 1991-ல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அது ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் இடங்களுக்கு மட்டும்தான். அதனால்தான் நீங்களே கேட்க வேண்டியிருக்கிறது.

‘அப்படி என்ன பெரிசா நடந்துடப் போகுது?’ என்று நினைக்காதீர்கள். 1995-ல் பதான்கோட் அருகே பதானியில் உள்ள டல்ஹவுசி பப்ளிக் பள்ளி, பிள்ளைகளை பியாஸ் ஆற்றங்கரைக்குப் பிக்னிக் கூட்டிப் போனது. 14 பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். கூட்டிப் போனவர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகமும் பொறுப்பு என்று கோர்ட் சொன்னது. ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு தரவேண்டும் என்ற உத்தரவை 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கூட்டிப் பாருங்கள், 70 லட்சம்! மாடியில் முகாம் நடத்துபவரிடம் இவ்வளவு பணம் இருக்குமா? கொடுக்க வழியில்லாதவர் மேல் வருகிற தீர்ப்பு, வெறும் காகிதம்தான்.

2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். ஊர்தான் வேறு, அசட்டை அதேதான்.

இங்கிலாந்தில் 1993-ல் லைம் விரிகுடாவில் துடுப்புப் படகுப் பயிற்சிக்குப் போன 4 பிள்ளைகள் இறந்தார்கள். இரண்டே வருடத்தில், 1995-ல், இப்படிப்பட்ட சாகச மையங்களுக்கு லைசென்ஸ் முறை கொண்டுவரச் சட்டம் போட்டார்கள்.

கயிறு யார் கையில்?

முத்துக்குளித்த காலத்தில், கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே படகில் மச்சான்காரன்தான் பிடிப்பான் என்று எங்கள் கரையில் சொல்வார்கள். கூடப் பிறந்தவள் தாலி ஆச்சே, கண்ணயர மாட்டான்! முகாமில் உங்கள் பிள்ளையின் கயிற்றைப் பிடிப்பவர் யார் என்று நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டாமா? பாலிசி கொடுக்கும் கம்பெனியும் அதைத்தான் கேட்கும். எத்தனை பிள்ளைகள், என்ன விளையாட்டு, எந்த இடம், என்ன பாதுகாப்பு... இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதும்போதே பாதி ஆபத்து கண்ணில் பட்டுவிடும்!

நீங்கள் கேட்க வேண்டியவை:

● பாலிசி காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். முகாம் முடியும் தேதி வரை அது செல்லுமா?

● ஒரு விபத்துக்கு எவ்வளவு? வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு? இரண்டு தொகையும் தனித்தனி.

● நீச்சல் குளம், விளையாட்டு, கொடுக்கிற சாப்பாடு இவையெல்லாம் சேர்ந்திருக்கிறதா? பல பாலிசிகளில் இவற்றைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

● முகாமுக்கு வெளியே நடக்கும் கடற்கரைப் பிக்னிக்கும் சேர்ந்ததா?

● தண்ணீர்ப் பக்கம் போனால், நீந்தவும் செயற்கை சுவாசம் கொடுக்கவும் தெரிந்தவர் கூட இருக்கிறாரா? மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது தப்பு. மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊத வேண்டும், மார்பை அழுத்த வேண்டும். இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

கையெழுத்துப் போட்டுட்டோமே...

‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். பயப்படாதீர்கள். கவனக்குறைவு நிரூபணமானால், அந்தத் தாள் மட்டுமே அவர்களைக் காப்பாற்றிவிடாது. பிள்ளை மைனர், ஒப்பந்தம் போட அவனால் முடியாது. கட்டணம் வாங்கிய முகாம் என்றால், நீங்கள் நுகர்வோர். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்காகப் பணம் கட்டிய ரசீது, எக்ஸ்ரே, டாக்டர் சீட்டு, பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அடிபட்டது எங்கே, எப்படி என்று ஆஸ்பத்திரிப் பதிவில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

முகாம் நடத்தும் அண்ணாச்சிகளுக்கும் டீச்சர்களுக்கும் ஒரு வார்த்தை. இது உங்கள் மேல் சந்தேகப்பட்டுக் கேட்கும் கேள்வி அல்ல. உங்கள் வீட்டையும் நகையையும் காப்பாற்றுவதே இந்தப் பாலிசிதான். பிரீமியத்தைப் பிள்ளைகளின் கட்டணத்தில் பகிர்ந்து சேர்த்துக்கொள்ளுங்கள். கராத்தே உடைக்குப் பணம் கொடுக்கிற பெற்றோர், இதற்கு மட்டும் மாட்டேன் என்பார்களா?

ஒரு அம்மா கேட்டால் ‘ரொம்பத்தான் கேக்குறாங்க’ என்பார்கள். பத்து அம்மாக்கள் சேர்ந்து கேட்டால், அடுத்த வருஷ நோட்டீஸிலேயே ‘காப்பீடு உண்டு’ என்று அச்சடித்திருக்கும். கேளுங்கள்!