ஒரு கையில் இரண்டு முத்திரை

குத்தாலத்தில் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றோம். வயலிலிருந்து நேரே வந்த தோழர் ஒருவர் கேட்டார்: "ஒருத்தருக்கே ரெண்டு பதவி ஆகாதுங்கறீங்களே அண்ணே, ஆளு நல்லவரா இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

நியாயமான கேள்வி. பதிலுக்கு அமெரிக்கா போய்த் திரும்புவோம்.

1787-இல் அமெரிக்கர் தீட்டிய அரசியல் சட்டம், காங்கிரசில் இருப்பவர் அரசாங்க உத்தியோகம் வகிக்கக் கூடாது என்றது. காங்கிரஸ் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், தோழர்களே. அங்கே அது பாராளுமன்றத்தின் பெயர்! ஆனால், நீதிபதிக்கு அப்படியொரு வேலியை அந்தச் சட்டம் போடவில்லை. விளைவு? 1801 பிப்ரவரியில் தலைமை நீதிபதியான ஜான் மார்ஷல், மார்ச் 4 வரை வெளியுறவு அமைச்சர் வேலையையும் பார்த்தார். மார்பரி என்பவரின் நியமன ஆணைக்கு முத்திரை வைத்தவர் மார்ஷல். ஆணை போய்ச் சேராமல் கிடந்ததும் அவர் அலுவலகத்தில்தான். புதிய ஆட்சி அதைத் தர மறுத்தது. மார்பரி வழக்குத் தொடுத்தார். 1803-இல் தீர்ப்பளித்தவர் யார்? அதே மார்ஷல்!

அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டம் செல்லாது என்ற தீர்ப்பு அது. உலகம் புகழ்கிறது, புகழட்டும். மார்பரிக்கு உரிமை உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பதவி மட்டும் கிடைக்கவில்லை.

அங்கே ஒருவருக்குப் பதவி போயிற்று. இங்கே உழவனுக்கு உயிரே வதைபட்டது.

1816-இல் கும்பினி ஆட்சி, சென்னை மாகாணத்தில் கலெக்டரையே மாஜிஸ்திரேட்டுமாக்கியது. தாசில்தாரைத் தாலுகாவின் போலீஸ் தலைவருமாக்கியது. வரி கேட்பதும் அவர். வராவிட்டால் பிடிப்பதும் அவர் ஆள். அடிபட்டவன் முறையிடப் போனால், மேலே நாற்காலியில் இருப்பவர் வரி வசூலுக்கும் தலைவரான கலெக்டர்!

விரல்களை நசுக்கும் கிட்டி. குனியவைத்துக் கழுத்தையும் காலையும் பிணைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள். இவை உண்மையென்று 1855-இல் அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழுவே அறிக்கை தந்தது. அதை 1857-இல் நியூயார்க் ஏட்டில் எழுதி உலகறியச் செய்தவர் காரல் மார்க்ஸ். 1859-இல் போலீஸ் தனித் துறையானது. நீதியை நிர்வாகத்திலிருந்து பிரிக்கவேண்டும் என்று 1950-இல் நம் அரசியல் சட்டத்தின் 50-ஆவது பிரிவு சொன்னது. 1974-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், நீதித்துறை மாஜிஸ்திரேட்டுகளை உயர்நீதிமன்றத்தின்கீழ் வைத்தது. 1816 எங்கே, 1974 எங்கே! கொடுத்த அதிகாரத்தைப் பிரித்தெடுக்க எத்தனை தலைமுறை!

ஆள் நல்லவரா என்பதல்ல கேள்வி. அவர் தவறினால், தட்டிக் கேட்க இன்னொருவர் இருக்கிறாரா என்பதே கேள்வி. தன் வழக்குக்குத் தானே நீதிபதியானால், நல்லவர் தீர்ப்பையும் நாடு நம்பாது.

தோழர் குவளையை வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம சங்கத்துல கணக்கு எழுதுறவரேதாண்ணே தணிக்கையும் பாக்குறாரு."

அங்கிருந்தே தொடங்குவோம், தோழரே!