சேத்துப்பட்டு சொன்னதும் ஜார்க்கண்ட் சொன்னதும்

டி.பி. வந்தவருக்குப் பாலும் முட்டையும் கொடுத்து உடம்பைத் தேற்ற வேண்டும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பேச்சு. மருத்துவ ஆராய்ச்சி இதை ஏற்கிறதா? அறுபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளியில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் இதற்கு விடை இருக்கிறது. இரண்டிலும் சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆய்வு நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும். உண்மையில் இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த நோய் புரியும்.

1950-களில் காசநோய்க்குச் சானடோரியம்தான் கதி. நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு என்று மாதக்கணக்கில் தங்க வேண்டும். ஆனால், இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்கும் படுக்கைகளுக்கும் எட்டாத தூரம். ஐசோநியாசிட் போன்ற புதிய மாத்திரைகள் அப்போதுதான் வந்திருந்தன. அவற்றை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் போதாதா? இதைச் சோதிக்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956-ல் சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின; அதுதான் இன்றைய சேத்துப்பட்டு நிறுவனம். பிரிட்டனிலிருந்து வந்த மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார்.

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் வசதியோ தீர்மானிக்கவில்லை. அதனால்தான் முடிவை நம்ப முடிந்தது.

வீட்டில் இருப்பவர் மருந்தை உண்மையிலேயே விழுங்குகிறாரா என்ற கேள்வியையும் ஆய்வாளர்கள் விடவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய், மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி ஒரு வேதிப்பொருளைக் கலந்தார்கள். மருந்து உள்ளே போயிருந்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

1959-ல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தவர்கள் நெருக்கடியான அறைகளில், குறைவான சாப்பாட்டோடு, வேலையும் பார்த்துக்கொண்டு இந்த நிலையை எட்டியிருந்தார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மருந்து தொடங்கியதும் பரவும் ஆற்றல் வேகமாகக் குறைகிறது. உலகெங்கும் சானடோரியங்கள் செல்வாக்கு இழந்தன. கோடிக்கணக்கானோருக்கு வீட்டிலேயே சிகிச்சை கிடைக்க வழி பிறந்தது.

கூடவே ஒரு தவறான எண்ணமும் வேர்விட்டது: மருந்து இருந்தால் சாப்பாடு ஒரு பொருட்டில்லை என்பது. சென்னை ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஒழுங்காக மருந்து சாப்பிடுபவர் வீட்டிலிருந்தே குணமாக முடியுமா என்பதுதான் அதன் கேள்வி. யாருக்கு நோய் வருகிறது, யார் முதல் சில வாரங்களிலேயே இறந்துபோகிறார் என்பவை வேறு கேள்விகள்.

காசநோய்க் கிருமி உடலுக்குள் போன எல்லாருக்கும் நோய் வருவதில்லை. பத்தில் ஒன்பது பேரின் உடலில் எதிர்ப்பு அணுக்கள் அதைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்துவிடுகின்றன. பட்டினி அந்தக் காவலைத் தளர்த்திவிடும். அப்படியானால் நோயாளியின் வீட்டில் எல்லாருக்கும் நல்ல சாப்பாடு கொடுத்தால் நோயைத் தடுக்கலாமா?

இதற்கு ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை விடை தேடினார்கள். மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில் 2,800 நோயாளிகளும் அவர்களோடு வசித்த 10,345 பேரும் ஆய்வில் இருந்தார்கள். நோயாளிகள் எல்லாருக்கும் மருந்தோடு உணவுப் பொருள்கள் கிடைத்தன. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தாருக்கும் கொடுத்தார்கள்: பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரைகள். அவ்வளவுதான்.

அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளிப் பரிசோதனை போன்றவற்றால் உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 சதவீதம். நோயாளிகளிடமும் ஒன்று தெளிவானது: முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் கூடியவர்கள் இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 2023-ல் இந்த முடிவுகள் லான்செட் இதழ்களில் வெளியாயின.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' இதே திசையில் செல்கிறது. நோய் உறுதியான உடனே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ஆபத்தான நிலையில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. எடை பார்க்கும் கருவியும் விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் சிறு கருவியும் அக்கறையுள்ள ஒரு செவிலியரும் போதும். வீட்டிலேயே சிகிச்சை என்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். எலும்பும் தோலுமாக வருபவருக்கு முதல் நாள்களில் படுக்கை வேண்டும்.

காசநோயாளிகளின் உணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரில் அது 1,000 ஆனது. நல்ல தொடக்கம்தான். ஆனால், ஜார்க்கண்ட் காட்டிய பலன் குடும்பம் முழுவதும் சாப்பிட்டதால் வந்தது. ஒருவருக்கு என்று வரும் பணத்தில் ஐந்து பேர் பசியாறும் வீடுகளில் நோயாளிக்கும் போதாது, குழந்தைகளுக்கும் போதாது. எனவே மருந்துப் பெட்டியோடு அரிசியும் பருப்பும் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரிலும் தவறாமல் போய்ச் சேர வேண்டும். இதைத் தருமமாக நினைக்கத் தேவையில்லை. நோய்த்தடுப்புச் செலவிலேயே இதற்கு இடம் உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதியுங்கள்; அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் மற்ற எல்லாருக்கும் பரிசோதனை செய்து, எடையும் பாருங்கள். எடை குறைந்தவர் யாராவது இருந்தால், நோய் வரும்வரை காத்திருக்காமல் அவர் தட்டில் இன்றே பருப்பைக் கூட்டுங்கள்.