படகு குடிக்கும் சாராயம்

மனிதன் குடித்தால் தள்ளாடுவான். படகு குடித்தால் என்ன ஆகும்? இது வேடிக்கைக்காகக் கேட்கும் கேள்வியன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரசாங்கத்தாரும், யந்திரம் செய்வோரும், விஞ்ஞானிகளும் பல வருஷ காலம் ஆராய்ந்த கேள்வி இது. படகு வைத்திருக்கும் பாக்கியம் நம்மில் அநேகருக்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுகிறவர்கள் அத்தனை பேருக்கும் இவ்விஷயத்தில் சம்பந்தம் உண்டு.

சாராயத்தின் சாரமாயுள்ள பொருளுக்கு ரஸாயன சாஸ்திரிகள் 'எதனால்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேள்வியே பெயராக அமைந்து விட்டது. அதற்கு நாம் என்ன செய்யலாம்? கரும்பிலிருந்தும் சோளத்திலிருந்தும் இதை வடிக்கலாம். பூமிக்கடியிலிருந்து எடுக்கும் எண்ணெய் என்றைக்காவது தீர்ந்து போகும். வயலில் விளைவதோ ஆண்டுதோறும் விளையும். அயல்நாட்டு எண்ணெய்க்குக் கொடுக்கும் பணமும் உள்நாட்டுக் குடியானவனுக்கே போய்ச் சேரும். இந்த நியாயங்களைக் கருதி அமெரிக்காவில் 2005-ஆம் வருஷம் ஒரு சட்டம் செய்து, 2007-ல் அதை இன்னும் விரிவாக்கினார்கள். மக்காச் சோளத்திலிருந்து இறக்கிய எதனால், நூற்றுக்குப் பத்துப் பங்கு வீதம் பெட்ரோலில் கலந்து நாடெங்கும் விற்பனையாயிற்று. பிறகு, 2010-லும் 2011-லும் பிறந்த உத்தரவுகளின்படி, 2001-ஆம் வருஷத்திலும் அதற்குப் பின்னும் செய்யப்பட்ட மோட்டார் கார்களுக்குப் பதினைந்து பங்கு வரையில் கலக்கலாம் என்று அநுமதி கிடைத்தது.

படகுகளுக்கு இந்த அநுமதி இல்லை. பதினைந்து பங்குக் கலவையைப் படகில் ஊற்றலாகாது என்று பம்பிலேயே சீட்டு ஒட்டினார்கள். ஆனால் அந்நாட்டு வழக்கம் என்ன? ஞாயிற்றுக்கிழமை வந்தால் குடும்பத்தோடு காரில் ஏறி, பின்னால் ஒரு சக்கர வண்டியில் படகையும் இழுத்துக்கொண்டு, ஏரிக்கோ கடலுக்கோ புறப்பட்டு விடுவார்கள். வழியில் ஒரே பம்பில் நின்று காருக்கும் படகுக்கும் சேர்த்து எண்ணெய் ஊற்றுவார்கள். குழந்தைகள் கூச்சல் போடும் அந்த அவசரத்தில் சீட்டைப் படித்துக் கொண்டிருப்பவர் எத்தனை பேர்?

காருக்கு ஒத்துக்கொள்வது படகுக்கு ஏன் ஆகாது என்று நேயர்கள் கேட்கலாம். காரணங்கள் மூன்று.

முதலாவது, நீர். பெட்ரோலும் நீரும் சேரா. எதனாலோ இரண்டோடும் உறவு கொண்டாடும். எனினும் அதற்கு நீரின்மேல்தான் அதிகப் பிரியம். படகின் எண்ணெய்த் தொட்டிக்குக் காற்று வாங்கும் துவாரம் உண்டு. சுற்றிலும் ஈரக் காற்று. பருவம் முடிந்தால் மாதக் கணக்கில் படகு சும்மா கிடக்கும். பத்துப் பங்குக் கலவையில் நூற்றுக்கு ஏறக்குறைய அரைப் பங்கு நீர் சேர்ந்தாலே போதும். எதனால் பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு போய்த் தொட்டியின் அடியில் தங்கிவிடும். யந்திரம் எண்ணெயை உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

இரண்டாவது, பிராணவாயு. எதனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே பிராணவாயு இருக்கிறது. அதை மிகுதியாகக் கலந்தால் யந்திரத்துக்குள் காற்று கூடி எண்ணெய் குறைந்தது போல ஆகிச் சூடு ஏறும். இக்காலத்துக் கார்களில் புகையை முகர்ந்து பார்த்து எண்ணெயின் அளவைத் திருத்தும் ஒரு கருவி உண்டு. காரின் மூக்கு என்றே அதைச் சொல்லலாம். படகு யந்திரங்கள் பலவற்றுக்கு இந்த மூக்கு இல்லை.

மூன்றாவது, உழைப்பு. கார் முழு வேகத்தில் ஓடுவது எப்போதோ ஒரு சமயம். படகோ நீரைப் பிளந்துகொண்டு மணிக்கணக்கில் முழு மூச்சோடு ஓட வேண்டியிருக்கிறது.

இவை வெறும் ஊகங்கள்தாமா என்று பார்ப்பதற்காக அரசாங்க ஆதரவில் ஒரு பரீக்ஷை நடத்தி, அதன் அறிக்கையை 2011-ல் வெளியிட்டார்கள். படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களில் மூன்று வகை: 9.9 குதிரைச் சக்தி உள்ளது ஒன்று, 200 உள்ளது ஒன்று, 300 உள்ளது ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டை எடுத்து, ஒன்றுக்குச் சுத்தப் பெட்ரோலும் மற்றொன்றுக்குப் பதினைந்து பங்குக் கலவையும் ஊற்றி, முழு வேகத்தில் 300 மணி நேரம் ஓட்டுவது என்பது ஏற்பாடு. கலவை குடித்த சிறிய மோட்டார் எப்படியோ ஓடி முடித்தது. ஆனால் இறுதியில் திக்கித் திணறிற்று. 300 குதிரைச் சக்தி மோட்டாரில் புகை வெளியேறும் வழியிலுள்ள வால்வுகள் சூடு தாங்காமல் முறிந்தன. 200 குதிரைச் சக்தி மோட்டாரில் ஒரு பேரிங்கு கெட்டு, ஓட்டம் பாதியில் நின்றது. இந்தப் பேரிங்கு கெட்டதற்குக் கலவைதான் காரணம் என்று பரீக்ஷை செய்தவர்கள் அடித்துச் சொல்லவில்லை. வகைக்கு ஒரு ஜோடியைக் கொண்டு அப்படித் தீர்ப்புச் சொல்வதும் நியாயமாகாது. ஆனாலும் எச்சரிக்கைக்கு இது போதும். நடு ரஸ்தாவில் கார் நின்றால் இறங்கித் தள்ளலாம். நடுக் கடலில் படகு நின்றால் யார் இறங்கித் தள்ளுவது?

இத்துடன் நின்றிருந்தால் இது வெறும் முறையீடாகவே முடிந்திருக்கும். படகு யந்திரக்காரர்கள் அப்படி விடவில்லை. "விளைபொருளிலிருந்து வரும் எரிபொருள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, படகுக்கு ஏற்றதாகக் கொடுங்கள்" என்பதே அவர்களுடைய கட்சி. அவர்களுடைய சங்கமும் ஆர்கான் தேசிய ஆராய்ச்சிச் சாலையாரும் சேர்ந்து, எதனாலுக்கு உறவான 'ஐஸோபியூட்டனால்' என்ற பொருளைப் பரீக்ஷித்தார்கள்.

இதையும் சர்க்கரையிலிருந்தே நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்க வைத்துச் செய்யலாம். கலிபோர்னியாவில் விஞ்ஞானிகள் ஒருவகைப் பாக்டீரியாவின் இயல்பை மாற்றி, அதைக் கொண்டு இதைச் செய்து காட்டி, 2008-ல் வெளியிட்டார்கள். இதைத் தயாரிக்க முற்பட்ட கம்பெனி ஒன்றை 2005-ல் தொடங்கியவர்களில் பிரான்ஸெஸ் ஆர்னால்டு அம்மையாரும் ஒருவர். 2018-ல் ரஸாயனத்துக்கு நோபல் பரிசு பெற்றவர் இவரே. ஐஸோபியூட்டனால் எதனாலைப் போல நீரோடு முற்றிலும் கலந்து விடுவதில்லை. அளவுக்கு அளவு பார்த்தால் எதனாலைவிட அதிகச் சக்தி தருகிறது. இதைப் பதினாறு பங்கு கலந்தாலும், பத்துப் பங்கு எதனாலில் உள்ள பிராணவாயுதான் சேருகிறது.

பல கம்பெனிகளின் மோட்டார்களில், ஆராய்ச்சிச் சாலையிலும் நீரிலுமாகச் சுமார் ஐந்து வருஷம் ஓட்டிப் பார்த்தார்கள். பதினாறு பங்குக் கலவை பத்துப் பங்கு எதனால் கலவைக்கு இளைத்ததன்று என்று கண்டு, 2015 ஜூன் மாதத்தில் படகுக்கு இது தக்கது என்று சங்கத்தார் ஆதரவு தெரிவித்தார்கள். 2018-ல், கார்களுக்கும் இந்த அளவு வரையில் கலந்து விற்க அரசாங்க அநுமதி கிடைத்தது. ஆயினும் எதனால் போல் இது எங்கும் கிடைக்கும் சரக்காகி விடவில்லை. பரீக்ஷையில் தேறுவது ஒன்று. சந்தையில் விலை போவது வேறொன்று.

நமது நாட்டிலும் 2025-ல், பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எதனால் என்ற அளவை எட்டியிருக்கிறார்கள். கரும்பு விளைவிக்கும் குடியானவனுக்கு அதனால் நன்மை உண்டு. நாட்டின் பணம் நாட்டிலேயே தங்கும் என்பதும் மெய்யே. ஆனால் பம்பு ஒன்று. அதில் வந்து நிற்கும் யந்திரங்களோ பலவகை. பழைய ஸ்கூட்டர் உண்டு, வயலில் நீர் இறைக்கும் சிறு பம்புசெட்டு உண்டு, படகு மோட்டாரும் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்து, இதற்கு இது ஆகும், இதற்கு இது ஆகாது என்று ஜனங்களுக்கு விளங்கும் பாஷையில் சொல்ல வேண்டியது அதிகாரிகளின் கடமை. வண்டிக்கென்று தீர்மானித்த எண்ணெயைப் படகின் தலையில் கட்டினால், அதன் பலனை அநுபவிப்பவன் கரைக்குத் திரும்ப வேண்டிய மனிதன் அல்லவா?