ஒரே அணை, வேறு வேறு பத்திகள்

குமுளியில் தமிழ்நாட்டுப் பேருந்து நிற்கும் இடத்துக்கும் கேரளப் பேருந்து நிற்கும் இடத்துக்கும் இடையில் சில நிமிட நடைதான். கடைப் பலகைகளில் இரண்டு எழுத்துகளும் உண்டு. தமிழ் நாளிதழும் மலையாள நாளிதழும் அங்கே விலைக்குக் கிடைக்கும். இரண்டிலும் ஓயாமல் வரும் செய்தி முல்லைப்பெரியாறு. அணை நிற்பது கேரளத்தின் பீர்மேடு வட்டத்தில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். அதை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாட்டு நீர்வளத் துறை. இரு மொழிச் செய்திகளையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். நீர்மட்டம் எத்தனை அடி, ஒப்பந்தம் எந்த ஆண்டு, தீர்ப்பு எந்தத் தேதி என்ற விவரங்களில் பெரிய முரண் எதுவும் இராது. ஆனாலும் தமிழ்ச் செய்தியைப் படித்து முடித்தவர் மனத்தில் ஓர் அணையும், மலையாளச் செய்தியைப் படித்து முடித்தவர் மனத்தில் முற்றிலும் வேறோர் அணையும் இருக்கும். இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு அந்த விவரங்கள் அடுக்கப்பட்ட முறையிலிருந்து வருகிறது. ஒரு பத்தி எந்த ஒழுங்கில் கட்டப்பட்டிருக்கிறது என்று கண்டுகொள்ளாதவர், அது சொல்லாமல் சொல்லும் தீர்ப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார் என்பதுதான் என் வாதம்.

தகவல் தரும் உரைநடை எப்படி அடுக்கப்படுகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் போனி மேயர் 1975-இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். அவர் வழியில் வந்தவர்கள் ஐந்து ஒழுங்குகளைப் பேசுகிறார்கள்: வருணனை, காலவரிசை, காரண காரியம், ஒப்பீடு, சிக்கலும் தீர்வும். 1980-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைப் படிக்கவைத்துச் சோதித்தபோது, ஆசிரியரின் ஒழுங்கை அடையாளம் கண்டு அதன் வழியே நினைவுகூர்ந்த மாணவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தது தெரிந்தது. நமக்கு இது புதிய சிந்தனையும் அல்ல. நூலுக்குரிய பத்து அழகுகளுள் ஒன்றாகப் பொருளை முறையாக வைப்பதையும், பத்துக் குற்றங்களுள் ஒன்றாக மற்றொன்று விரித்தலையும் நன்னூல் எண்ணுகிறது. திருக்குறளில் ஓர் அதிகாரம் முந்தைய அதிகாரத்தின் பின் ஏன் வைக்கப்பட்டது என்று பரிமேலழகர் அதிகாரந்தோறும் விளக்கிச் செல்வார். என்ன சொல்லப்பட்டது என்பதோடு ஏன் இந்த இடத்தில் சொல்லப்பட்டது என்றும் கேட்பதே உரையாசிரியரின் வேலையாக இருந்தது. அந்தக் கேள்வியை நாம் செய்யுளோடு நிறுத்திக்கொண்டோம். அச்சு வந்து, உரைநடை பெருகி, நாளிதழ்ப் பத்தி நம் அன்றாட வாசிப்பாக ஆன பிறகு, அதை அந்தக் கண்ணோடு படிக்க யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

ஐந்தில் மிகவும் அப்பாவித்தனமாகத் தோன்றுவது காலவரிசை. நடந்ததை நடந்தபடி சொல்வதில் என்ன சாய்வு இருக்க முடியும் என்று தோன்றும். சாய்வு தொடக்கப் புள்ளியில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் தொடங்குங்கள். அடுத்து 1887-இல் கட்டுமானம் தொடங்கியதையும், பொறியாளர் ஜான் பென்னிகுயிக் அதை முடித்ததையும், 1895 அக்டோபர் 10 அன்று மாகாண ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்துவைத்ததையும் வரிசையாகச் சொல்லுங்கள். மேற்கே போன நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிப் பசி தீர்த்த கதை அது. இப்போது 1886 அக்டோபர் 29-இல் தொடங்குங்கள். அன்று திருவிதாங்கூர் அரசு 8,000 ஏக்கர் நிலத்தை, ஏக்கருக்கு 5 ரூபாய் ஆண்டு வாடகையில், 999 ஆண்டுகளுக்கு பிரிட்டிஷ் அரசுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. அங்கிருந்து நேராக 1970-இல் வாடகை 30 ரூபாய் ஆனதற்கு வாருங்கள். பேரரசுக்கு முன் நின்ற ஒரு சிறிய அரசின் இழப்புக் கதை கிடைக்கும். 1979-இல் தொடங்கினால், 152 அடி வரை தேக்கக் கட்டிய அணையில் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டதே முதல் நிகழ்ச்சி. மிச்சம் எல்லாம் அதை மீட்கும் போராட்டம். இந்த மூன்று பத்திகளிலும் ஒரு பொய்யும் இல்லை. மூன்றிலும் முதல் ஆண்டுதான் ஆசிரியரின் கருத்து. எனவே காலவரிசைப் பத்தி என்று கண்டவுடன் கேட்க வேண்டியது, இதற்கு முந்தைய ஆண்டில் என்ன நடந்தது, அதை ஏன் இவர் விட்டுவிட்டார் என்பதே.

ஒப்பீட்டுப் பத்தி இன்னும் வலுவாக மனத்தைப் பற்றும். கல்லணை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக நிற்கிறது, முல்லைப்பெரியாறு நிற்காதா என்பது நம் பக்கத்தில் அடிக்கடி எழுதப்படும் பத்தி. மோர்வியில் அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்களே, இங்கும் அப்படி ஆனால் என்ன செய்வது என்பது எதிர்ப்பக்கத்துப் பத்தி. ஒப்பீட்டின் அடித்தளம் எது என்று கேட்டால் இரண்டுமே ஆட்டம் காணும். கல்லணை ஆற்றின் போக்கைப் பிரித்துவிடும் தாழ்ந்த அணைக்கட்டு. பள்ளத்தாக்கு முழுவதும் நீரைத் தேக்கி நிற்கும் 176 அடி உயரக் கட்டுமானத்தோடு அதற்கு வயதை ஒப்பிடலாம், தாங்கும் சுமையை ஒப்பிட முடியாது. 1979 ஆகஸ்டு 11 அன்று குஜராத்தில் உடைந்து மோர்வியை அழித்த மச்சு இரண்டாம் அணையோ 1972-இல் கட்டி முடிக்கப்பட்டது. உடைந்தபோது அதற்கு ஏழு வயது. உடைந்த பகுதி மண்கரை. முல்லைப்பெரியாறு போன்ற பழைய சுண்ணாம்புச் சுர்க்கிக் கட்டுமானம் பழமையால் உடையும் என்பதற்கு அதைச் சான்றாக நிறுத்தவே முடியாது. ஒப்பிடப்படும் இரண்டுக்கும் பொதுவான பண்பு எது, அந்தப் பண்பைப் பற்றித்தான் பேச்சா என்ற ஒரே கேள்வி போதும், உணர்ச்சியால் நிற்கும் பாதிப் பத்திகள் சரிந்துவிடும்.

சிக்கலும் தீர்வும் என்ற ஒழுங்கில், சிக்கலைப் பெயரிட்டவர் தீர்வையும் தீர்மானித்துவிடுகிறார். 136 அடியில் நிறுத்தியதால் பாசனம் சுருங்கியது என்று தொடங்கும் பத்தி, அணை வலுப்படுத்தப்பட்டுவிட்டது, எனவே 142 அடி, அதன்பின் அருகிலுள்ள சிறிய துணை அணையான பேபி அணையையும் வலுப்படுத்தி 152 அடி என்று முடியும். கீழே வண்டிப்பெரியாறிலும் சப்பாத்திலும் மக்கள் அச்சத்தோடு வாழ்கிறார்கள் என்று தொடங்கும் பத்தி, புதிய அணை என்று முடியும். கேரளத்துக்குப் பாதுகாப்பு, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் என்று கேரள அரசு சொல்லிவரும் முழக்கம் இந்த ஒழுங்கின் மிகச் சுருங்கிய வடிவம். இரண்டு பத்திகளுக்கும் நடுவே ஒன்று காணாமல் போயிற்று. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, 2012-இல் தந்த அறிக்கையில் மூன்றாவது வழி ஒன்றையும் சொன்னது. இப்போது 104 அடிக்குக் கீழுள்ள நீரைத் தமிழ்நாடு எடுக்க முடியாது. 50 அடி மட்டத்தில் புதிய சுரங்கம் ஒன்று வெட்டினால் அந்த நீரும் வரும், அவசரக் காலத்தில் அணையை விரைவாகக் காலிசெய்யவும் முடியும். சரியோ தவறோ, விவாதிக்கத் தக்க யோசனை இது. இரு மொழி நாளிதழ்ப் பத்திகளிலும் இது அபூர்வமாகவே தலைகாட்டுகிறது. ஏனென்றால் இரு பத்திகளின் முதல் வரியிலும் இதற்கு இடமே இல்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது காரண காரியம், அதிலும் காலவரிசையின் உடையில் வரும் காரண காரியம். இதற்கு நம் மொழியின் இயல்பே வழிவிடுகிறது. மழை பெய்து குளம் நிரம்பியது என்கிறோம். பெய்து என்ற வினையெச்சம் முதலில் பெய்தது என்று மட்டும் சொல்கிறதா, பெய்ததால் என்றும் சொல்கிறதா? இரண்டையும்தான். குளத்தின் விஷயத்தில் அதனால் கேடில்லை. அணைத் தண்ணீர் திறந்து வெள்ளம் வந்தது என்று எழுதும்போது அதே எச்சம் ஒரு குற்றச்சாட்டைச் சான்றில்லாமல் நிறுவிவிடுகிறது. திறந்தபோது வந்தது, திறந்தபின் வந்தது, திறந்ததால் வந்தது என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு கூற்றுகள். முதலாவதற்குக் கடிகாரம் போதும். மூன்றாவதற்கு நீரியல் கணக்கு வேண்டும். மலையாளத்திலும் வினையெச்சம் இதே வேலையைச் செய்கிறது. ஆகவே எல்லையின் இருபுறத்து வாசகருக்கும் இந்த இடர் பொது.

2018 ஆகஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டு 9 அன்று, 26 ஆண்டுகளுக்குப் பின், இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகு திறக்கப்பட்டது. ஆகஸ்டு 15-ஐ ஒட்டி முல்லைப்பெரியாறு 142 அடியைத் தொட்டு உபரிநீர் இடுக்கியை நோக்கிப் போனது. அதே நாள்களில் கேரளம் முழுவதும் வெள்ளம். இந்த மூன்று செய்திகளை அடுத்தடுத்து வைத்தாலே போதும், அதனால் என்ற சொல்லை எழுதாமலே வாசகர் அதைப் போட்டுக்கொள்வார். கேரள அரசு உச்ச நீதிமன்றத்தில், முல்லைப்பெரியாறிலிருந்து திடீரென நீர் திறந்தது வெள்ளத்துக்கான காரணங்களில் ஒன்று என்று சொன்னது, தமிழ்நாடு மறுத்தது. காரணங்களில் ஒன்று என்ற அந்த அளவான சொல் தலைப்புகளில் காரணம் என்று சுருங்கியது. அடுத்த மாதம் வந்த மத்திய நீர்வள ஆணையத்தின் அறிக்கை வேறோர் எண்ணை முன்வைத்தது: ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 வரை கேரளத்தில் இயல்பாகப் பெய்ய வேண்டியது 1,649.5 மில்லிமீட்டர், பெய்தது 2,346.6 மில்லிமீட்டர், அதாவது 42 விழுக்காடு மிகுதி. மழையே முதன்மைக் காரணம் என்பது அதன் முடிவு. நம் நாளிதழ்களில் சில இதை எடுத்துக்கொண்டு எதிர்த் திசையில் அதே பிழையைச் செய்தன. மாநிலம் முழுவதற்குமான மழைக் கணக்கைக் காட்டி, அணைக்கு நேர் கீழே உள்ள ஊர்களில் அந்த நாள்களில் நீர் ஏறியதற்கும் அணைக்கும் தொடர்பே இல்லை என்று எழுதின. முழு மாநிலத்தின் காரணமும் ஒரு கரையோர ஊரின் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எந்தக் காரியத்துக்கு எந்தக் காரணம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டிருந்தால், இரு பக்கமும் இவ்வளவு எளிதாக வெற்றி அறிவித்திருக்க முடியாது.

இதையெல்லாம் சாதாரண வாசகர் எப்படிச் செய்வார், உண்மைப் பத்திகள் பாடப்புத்தகத்தில் உள்ளதுபோல ஒரே ஒழுங்கில் வருவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்ல பத்தி காலவரிசையில் தொடங்கி, நடுவில் ஒப்பிட்டு, தீர்வில் முடியும். ஆகையால், எனவே, மாறாக, பின்னர் போன்ற இணைப்புச் சொற்களைத் தேடிப் பிடிப்பது மட்டும் போதாது. அவை இல்லாமலும் ஒழுங்கு இருக்கும், இருந்தும் ஏமாற்றும். அதைவிட உறுதியான வழி, இந்தப் பத்தி எந்தக் கேள்விக்கு விடை என்று கேட்பது. எப்போது என்றால் ஓர் ஒழுங்கு, ஏன் என்றால் வேறு, என்ன செய்யலாம் என்றால் வேறு. பிறகு வாக்கியங்களை இடம் மாற்றிப் பார்க்கலாம். இரண்டு வாக்கியங்களை மாற்றியும் பொருள் கெடவில்லை என்றால் அது வருணனை. மாற்றியவுடன் குற்றவாளி மாறுகிறார் என்றால், அங்கே காரணம் ஒளிந்திருக்கிறது.

இப்படிப் பிரித்துப் பிரித்துப் படித்தால் எதையும் நம்ப முடியாத மனநிலை வந்துவிடாதா, எல்லாம் அடுக்குமுறைதான் என்றால் உண்மைக்கு என்ன மதிப்பு என்ற தயக்கம்தான் எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. ஆனால் அடுக்குமுறையை அறிவது உண்மையைக் கரைக்கவில்லை; எந்தச் சான்றைக் கேட்க வேண்டும் என்று காட்டுகிறது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒப்பந்தம் செல்லுமா, 2006-இல் கேரளம் இயற்றிய சட்டத் திருத்தம் அரசியல் சட்டப்படி நிற்குமா, அணை பாதுகாப்பானதா என்று எழுவினாக்களைத் தனித்தனியாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய சான்றை அதனதன் கீழேயே வைத்து விடை கண்டது. அந்தத் திருத்தம் செல்லாது என்றும், 142 அடி வரை தேக்கலாம் என்றும் சொன்னது. முடிவோடு உடன்படாதவர்கூட எந்தப் படியில் உடன்படவில்லை என்று விரல்வைத்துச் சொல்ல முடியும். நாளிதழ்ப் பத்தியில் அந்தப் படிகள் கலைந்துபோகின்றன. சட்டத்தைப் பற்றிய விடை பாதுகாப்பைப் பற்றிய விடைபோல ஒலிக்கிறது, பாதுகாப்பைப் பற்றிய கவலை ஒப்பந்தத்தைப் பற்றிய வாதமாக மாறுகிறது.

இது ஏட்டுப் பிரச்சினை அன்று. 2011 இறுதியில் இடுக்கியில் உணரப்பட்ட நிலநடுக்கங்களின் செய்தியும் நீர்மட்டத்தின் செய்தியும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்த வாரங்களில், எல்லையின் இரு பக்கமும் கொதித்தது. கூடலூரிலும் கம்பத்திலும் திரண்ட மக்கள் குமுளியை நோக்கி நடந்தார்கள். மலைப்பாதையில் போக்குவரத்து நின்றது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் வேலைக்குப் போய்வரும் பெண்கள் போக முடியாமல் வீட்டில் இருந்தார்கள். அவர்களுடைய கூலியைப் பறித்ததில் இரு மொழிப் பத்திகளுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. தமிழையும் மலையாளத்தையும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைகள் அங்கே உண்டு. நம் தேர்வுத்தாள்களில் பத்தியைப் படித்து விடையளி என்ற பகுதி பெரும்பாலும் யார், எங்கே, எந்த ஆண்டு என்றுதான் கேட்கிறது. விடை பத்திக்குள்ளேயே கிடக்கும், எடுத்து எழுதினால் மதிப்பெண். குமுளிப் பிள்ளைகளிடம் அதைவிடக் கடினமான ஒன்றைக் கேட்கலாம், அவர்களால் முடியும். ஒரே நாளில் வந்த தமிழ்ப் பத்தி ஒன்றையும் மலையாளப் பத்தி ஒன்றையும் கொடுத்து, இரண்டும் எங்கே தொடங்குகின்றன, எந்த வாக்கியத்தை இடம் மாற்றினால் பழி மாறுகிறது, திறந்தபின் என்பதைத் திறந்ததால் என்று மாற்ற வேண்டுமானால் இன்னும் என்ன சான்று தேவைப்படும் என்று எழுதச் சொல்லலாம். அந்த மூன்றாவது கேள்விக்கு அணையின் நீர்மட்டப் பதிவு, மணிக்கு மணி திறந்துவிட்ட நீரின் அளவு, வண்டிப்பெரியாறில் ஆறு ஏறிய நேரம் என்று ஒரு பிள்ளை பட்டியல் போட்டால், அவற்றை எங்கே போய்க் கேட்டு வாங்குவது என்பது ஆசிரியர் அடுத்து நடத்த வேண்டிய பாடம்.