ஒரே பந்தல், ரெண்டு பிறந்தநாள்: அண்ணன் - தங்கைக்குச் சேர்த்துக் கொண்டாடலாமா?

மூத்தவனுக்கு ஜூன் 8-ல் ஆறு வயசு முடியுது. சின்னவளுக்கு ஜூன் 27-ல் மூணு. நடுவில் ஸ்கூல் ஃபீஸ், யூனிஃபார்ம், நோட்டுப் புத்தகம், ஷூ. கள்ளக்குறிச்சியோ சின்னசேலமோ சங்கராபுரமோ, எந்த ஊர் வீடாக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு யோசனை தானாக வந்து நிற்கும்: "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நாள்ல வெச்சுட்டா என்ன?"

தாராளமாக வைக்கலாம். செலவு குறையும், சொந்தக்காரர்கள் மூணு வாரத்தில் ரெண்டு தடவை பஸ் ஏற வேண்டியதில்லை. ஆனால் பார்ட்டி நடக்கும்போது ஏதாவது ஒரு குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னைக்கு எனக்கா, அவனுக்கா?" என்று கேட்கும். பணத்தை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு குழந்தையின் நாளையே மிச்சம் பிடித்துவிடக்கூடாது. எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கவே கூடாது என்பதை முதலிலேயே பிரித்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

காதுகுத்து சொல்லித்தரும் கணக்கு

கூட்டுப் பிறந்தநாள் ஏதோ புது டிரெண்ட் மாதிரி தெரியும். நம்ம ஊர்களில் இது பழைய விஷயம்தான். அண்ணன், தங்கை ரெண்டு பேருக்கும் சேர்த்து குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, காதுகுத்து வைப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. பத்திரிகை ஒன்று, பந்தல் ஒன்று, சமையல் ஒன்று, மொய் நோட்டும் ஒன்று.

ஆனால் அங்கே சில விஷயங்களை யாரும் சேர்ப்பதில்லை. தாய்மாமன் மடியில் ஒவ்வொரு குழந்தையும் தனித்தனியாக உட்காரும். தோடு தனி, புதுத்துணி தனி, மாலை தனி. ஒரு குழந்தைக்குக் காது குத்தும்போது மொத்தக் கூட்டமும் அந்த ஒரு குழந்தையைத்தான் பார்க்கும். அடுத்ததற்கு அடுத்த முறை வரும்.

பிறந்தநாளுக்கும் இதே கணக்கை எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் சம்பந்தப்பட்டதெல்லாம் பொது. குழந்தை மடியில் உட்காரும் அந்தப் பத்து நிமிஷம் மட்டும் தனி.

மூணு வயசுக்கு பர்த்டே என்றால் என்ன?

இந்தப் பத்து நிமிஷம் ஏன் இவ்வளவு முக்கியம்? சின்னக் குழந்தைகள் பிறந்தநாளைப் புரிந்துகொள்ளும் விதமே வேறு. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர்கள் ஜாக்குலின் வூலி, அமாண்டா ரோட்ஸ் இருவரும் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் இதைப் பற்றி ஆய்வு செய்து 2017-ல் வெளியிட்டார்கள். பிறந்தநாள் பார்ட்டியே நடக்காத ஒரு குழந்தை, ரெண்டு பார்ட்டி நடந்த ஒரு குழந்தை என்று கதைகளைச் சொல்லி, "இப்போ அந்தக் குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்டார்கள்.

பார்ட்டி நடக்கவில்லை என்றால் வயசு கூடாது என்று சில குழந்தைகள் நினைத்தன. ரெண்டு பார்ட்டி நடந்தால் ரெண்டு வயசு கூடிவிடும் என்று நினைத்தவையும் உண்டு. நமக்கு வயசு கூடுவதால் பார்ட்டி. அந்த வயசுக் குழந்தைக்கோ, பார்ட்டி வைப்பதால்தான் வயசு கூடுகிறது.

இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே சொன்ன வீட்டைப் பாருங்கள். ஜூன் 8-ல் அண்ணன் பெயர் எழுதிய கேக்கை ரெண்டு பேரும் சேர்ந்து வெட்டினால், சின்னவள் கணக்கில் அவள் அண்ணன் பார்ட்டிக்கு வந்த ஒரு ஆள். இல்லையென்றால் அன்றைக்கே தனக்கு மூணு வயசு ஆகிவிட்டதாக நினைப்பாள். 27-ம் தேதி எதுவுமே நடக்காமல் போனால் குழப்பம் இன்னும் கூடும். "பாப்பாவுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு, இன்னைக்கு எல்லாரும் சேர்ந்து சாப்பிடுறோம்" என்று காலண்டரைக் காட்டி முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

எந்தத் தேதியில் வைப்பது?

நம்ம வீடுகளில் ஒரு வசதி இருக்கிறது. இங்கிலீஷ் தேதிப் பிறந்தநாள் ஒன்று, நட்சத்திரப் பிறந்தநாள் ஒன்று என்று ஏற்கெனவே ரெண்டு உண்டு. பிறந்த தமிழ் மாதத்தில் ஜென்ம நட்சத்திரம் வரும் நாள்தான் நட்சத்திரப் பிறந்தநாள். நிலா ஒரு சுற்று வர சுமார் 27.3 நாள் ஆவதால், இது ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு இங்கிலீஷ் தேதியில் விழும். சில வருஷம் ஒரே மாதத்தில் அதே நட்சத்திரம் ரெண்டு தடவைகூட வரும். அப்போது எதை எடுப்பது என்பதை வீட்டுப் பெரியவர்கள் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வார்கள்.

ஜூன் 8 வைகாசி, ஜூன் 27 ஆனி. ஆக, ரெண்டு குழந்தைகளின் நட்சத்திர நாளும் எப்படியும் தனித்தனியாகத்தான் வரும். அந்த நாளில் அந்தக் குழந்தையை மட்டும் கோயிலுக்குக் கூட்டிப்போய், அதன் பெயருக்கு அர்ச்சனை செய்து, வீட்டில் பாயசம் வைத்தால் போதும். அந்த நாள் முழுசாக அந்தக் குழந்தைக்குச் சொந்தம். இந்த வழக்கம் இல்லாத வீடுகளில் இங்கிலீஷ் தேதியிலேயே இதைச் செய்யலாம். கூட்டுப் பார்ட்டியை ரெண்டு தேதிக்கும் நடுவில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடலாம்.

நடு ஞாயிறு என்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அது யாருடைய தேதியும் இல்லை. அதனால், "அவன் பர்த்டேல எனக்கும் கேக்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ரெண்டு பிறந்தநாளுக்கும் இடையில் ஒன்றரை மாதத்துக்கு மேல் இருந்தால் சேர்ப்பதை மறுபடி யோசிப்பது நல்லது. காத்திருப்பு நீண்டால் சின்னக் குழந்தைக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

செலவு எங்கே குறையும்?

ஒரு உதாரணக் கணக்கு. சொந்தக்காரர்கள் 30 பேர், ஒவ்வொரு குழந்தைக்கும் ஃபிரண்ட்ஸ் 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக வைத்தால் 40-ம் 40-ம் 80 சாப்பாடு. சேர்த்து வைத்தால் 30 + 10 + 10 = 50. சொந்தக்காரர்கள் ரெண்டு பார்ட்டிக்கும் அதே ஆட்கள் என்பதால், மிச்சம் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. ஹால் வாடகையும் டெக்கரேஷனும் ஒரு தடவையோடு முடிந்துவிடும்.

இப்படி மிச்சமாவதில் கொஞ்சத்தை 'தனி' பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள்:

கேக்: ஒரு கிலோவில் ஒன்று வாங்குவதற்குப் பதில் அரை கிலோவில் ரெண்டு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பெயர். கேக், பிஸ்கட், பேக்கரி பொருட்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டு: ரெண்டு முறை பாட வேண்டும். முதலில் சின்னவளுக்கு. மூணு வயசுக்காரியால் காத்திருக்க முடியாது, தூக்கமும் வந்துவிடும். ஆறு வயசுக்காரனிடம், "உனக்கு ஃபைனல்" என்று சொன்னால் அவனுக்கு அது பெருமை.

பரிசு: "ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு" என்பது சண்டைக்கான விதை. சின்னதாக இருந்தாலும் தனித்தனியாகப் பெயர் எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். கவரில் வரும் மொய்ப் பணத்தை வீட்டுக்காரர்கள் பிரித்துக்கொள்ளலாம்.

நேரம்: சின்னவளின் தூக்கத்தைப் பார்த்துத்தான் நேரம் குறிக்க வேண்டும். சாயங்காலம் 4 மணி முதல் 6 மணி வரை என்றால் ரெண்டு வயசுக்கும் ஒத்துவரும்.

விளையாட்டு: மூணு வயசுக்கும் ஆறு வயசுக்கும் ஒரே போட்டி வைத்தால் எப்போதும் பெரியவர்களே ஜெயிப்பார்கள். மியூசிக்கல் சேர் ஒரு மூலையில், களிமண்ணோ கலர் பென்சிலோ இன்னொரு மூலையில் என்று பிரித்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

பலூன் சாதாரண விஷயமாகத் தெரியும். ஊதாத பலூனையும் வெடித்த பலூன் துண்டையும் சின்னக் குழந்தைகள் வாயில் போட்டால் மூச்சு அடைக்கும். 8 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆபத்து இருப்பதாக அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. பார்ட்டி முடிந்ததும் முதல் வேலையாகத் தரையில் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்குங்கள்.

கேஸ் பலூன் வேண்டும் என்றால் சிலிண்டரைக் குழந்தைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரவே கூடாது. 2022 அக்டோபர் 2-ல் திருச்சி கோட்டை வாசல் பகுதியில் பலூன் வியாபாரியின் சிலிண்டர் வெடித்து ஒருவர் உயிரிழந்தார். ஸ்னோ ஸ்ப்ரே, ஃபோம் ஸ்ப்ரே டப்பாக்களில் எளிதில் தீப்பிடிக்கும் கேஸ் இருக்கும். மெழுகுவர்த்தி எரியும்போது அதை அடிப்பது நெருப்போடு விளையாடுவதுதான்.

பஞ்சு மிட்டாய் ஸ்டால் போடும் யோசனை இருந்தால், 2024 பிப்ரவரியில் ரோடமைன்-பி என்ற துணிச்சாயம் கலந்திருப்பது தெரிந்து தமிழ்நாடு அரசு அதற்குத் தடை போட்டதை நினைவில் வையுங்கள். கண்ணைப் பறிக்கும் கலர் எதிலிருந்தாலும் கேள்வி கேளுங்கள். கேக் வாங்கும் இடத்தில், வீட்டிலிருந்து செய்து கொடுப்பவராக இருந்தாலும், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்வராயன் மலையில் வைக்கலாமா?

"ஹால் வாடகைக்குப் பதிலா வேன் எடுத்து மலைக்குப் போயிடலாமே" என்றும் ஒரு யோசனை வரும். கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக ஏறினால் வெள்ளிமலை, கரியாலூர், பெரியார் அருவி, மேகம் அருவி என்று இடங்களுக்குக் குறைவில்லை. கள்ளக்குறிச்சி வெயிலுக்கு மலைக் காற்று நன்றாகவும் இருக்கும்.

ஆனால் மலைப் பார்ட்டிக்குத் திட்டம் வேறு. வளைவுகளில் க்ரீம் கேக் தாங்காது, ப்ளைன் கேக் எடுத்துப் போங்கள். சின்னவளுக்கு வாந்தி வரலாம் என்பதால் ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள். எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது, அதனால் வர வேண்டியவர்கள் கீழேயே ஒன்றுகூடிச் சேர்ந்து ஏறுவது நல்லது. மழை நாளில் அருவிப் பக்கம் குழந்தைகளைக் கூட்டிப்போகக்கூடாது. காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவது குற்றம். ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் தட்டு, கப்புக்கு தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது. இது மலையாளி பழங்குடி மக்கள் குடியிருந்து விவசாயம் பார்க்கும் மலை. ஸ்பீக்கர் சத்தத்தையும் பலூன் குப்பையையும் அங்கே விட்டுவிட்டு வரக்கூடாது.

மலையிலிருந்து சாமையும் தேனும் வாங்கி வந்து ரிட்டன் கிஃப்டாகக் கொடுப்பது நல்ல யோசனை. ஒன்று மட்டும் கவனம்: ஒரு வயசு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

பார்ட்டி நகரலாம், சான்றிதழ் நகராது

கடைசியாக ஒன்று. நம்ம தாத்தா, பாட்டி தலைமுறையில் பலருக்கும் ஸ்கூலில் சேர்த்தபோது வாத்தியார் எழுதிய தேதிதான் பிறந்தநாள். முன்னாள் குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணனுக்கே அப்படித்தான். பள்ளியில் சேர்க்கப்போன மாமாவுக்குச் சரியான தேதி தெரியாததால் 1920 அக்டோபர் 27 என்று சொல்லிவைத்தார். அதுவே கடைசி வரை அதிகாரபூர்வத் தேதியாக நின்றது.

அந்தக் காலத்தில் அது ஓடியது. இப்போது ஓடாது. பிறப்பு இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தத் தேதியிலும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமானால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். பெயர் இல்லாமல் பதிவாகியிருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதன் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருந்தால் இப்போதே சரிசெய்வது சுலபம்.

கேக்குக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும் அன்றைக்கே ரெண்டு சான்றிதழையும் எடுத்து எழுத்து, தேதி, அப்பா அம்மா பெயர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்படியே காலண்டரில் ஜூன் 8-க்கும் ஜூன் 27-க்கும் தனித்தனியாக வட்டம் போட்டுவிடுங்கள். நடு ஞாயிறு ஊருக்கு. அந்த ரெண்டு நாளும் காலையில் எழுந்ததும் வாழ்த்து சொல்ல வீட்டில் இருக்கும் நாலு பேர் போதும்.