மாவு கொட்டாத கழி

ஏரிக்கரைக் கருவிகள் – 9

போன வாரம் தூண்டில் முள்ளையும் தக்கையையும் பார்த்தோம். இந்த வாரம் கம்பு.

எறையூர்ப் பக்கத்து ஏரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும். சித்திரை பிறக்கும்போது பலவற்றில் தரை தெரிந்துவிடும். தை, மாசியில் மதகடியிலும் கலிங்கிலும் உட்கார்ந்து கெளுத்திக்கும் ஜிலேபிக்கும் மண்புழு கோப்பவர்கள், தண்ணீர் வற்றியதும் கம்பைக் கொண்டுபோய்த் தாழ்வாரத்து மூலையில் சாய்த்துவிடுகிறார்கள். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. மீன் இழுத்து ஒடிந்த கம்புகளை நான் அதிகம் பார்த்ததில்லை. சாய்த்து வைத்தே வளைந்தவை, உளுத்தவை, ஈரத்தோடு மடக்கி வைத்ததால் இறுகிப்போனவை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

மூங்கிலில் தொடங்குவோம். மேற்கே நிற்கும் பச்சைமலை போன்ற வறண்ட மலைகளில் வளரும் கல்மூங்கில்தான் தூண்டிலுக்கு ஏற்றது. உள்ளே பொந்து மிகக் குறைவு, சில கழிகளில் இல்லவே இல்லை. போலீஸ்காரர் கையில் இருந்த பழைய லத்தியும் இதே மூங்கில்தான். 19ஆம் நூற்றாண்டில் இந்த இன மூங்கில் கல்கத்தா துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஈஸ்டன் என்ற ஊரில் துப்பாக்கியும் வயலினும் செய்துவந்த சாமுவேல் பிலிப்பி 1840களில் மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, பட்டைகளை ஒட்டித் தூண்டில் கம்பு செய்தார். அவர் வழியில் வந்தவர்களும் ‘கல்கத்தா கேன்’ என்று பெயர் சொல்லியே இந்திய மூங்கிலை வாங்கினார்கள். பிறகு சீனத்து டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. உலகம் தேடி வாங்கிய கழி நம் மலையில் வளர்வது என்பதில் எனக்குப் பெருமைதான். அதை உளுக்கவிடுவதுதான் வருத்தம்.

மூங்கிலைத் துளைக்கும் சின்ன வண்டுக்கு வேண்டியது அதில் உள்ள மாவுச்சத்து. கம்பின் அடியில் மஞ்சள் வெள்ளையாகப் பொடி கொட்டிக் கிடந்தால் வண்டு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே பராமரிப்பு கழியை வெட்டும் நாளிலேயே ஆரம்பிக்கிறது. மூன்று வயதாவது முதிர்ந்த கழி வேண்டும். மழைக்காலத்தில் புதுக் குருத்தை வளர்த்து முடித்த தூரில் மாவுச்சத்து குறைந்திருக்கும் என்பதால் மழை ஓய்ந்த பின் வெட்டுவது நல்லது. வெட்டிய கழியைச் சில வாரங்கள் தண்ணீரில் ஊறப்போட்டால் மிச்சச் சத்தும் கரைந்து வெளியேறும். அதன்பின் நிழலில் காய வேண்டும். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். கோணல் இருந்தால் அந்தக் கணுவைத் தணலில் காட்டி, சூடு இருக்கும்போதே நிமிர்த்தி, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். இதற்கு அவசரம் ஆகாது.

கிழக்கே ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடுகள் இருக்கின்றன. முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கும் கருப்பு எண்ணெயை மரத்துக்கும் படகுக்கும் பூசுவது பழைய வழக்கம். பூச்சி அண்டாது. கழிக்கும் மெல்லப் பூசலாம், ஆனால் கையில் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. அது வேண்டாம் என்பவர்கள் வார்னிஷ் அடிக்கலாம். வெட்டு வாயிலும் கணுவிலும் விட்டுப்போகாமல் அடிக்க வேண்டும், வண்டு நுழைவது அங்கேதான். பிறகு கூரைக்கடியில் இரண்டு மூன்று இடத்தில் தாங்கல் கொடுத்துப் படுக்கவையுங்கள். இல்லையென்றால் நுனியில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.

கழி வெட்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தியபோது மூங்கிலை ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெட்ட அனுமதி வேண்டாம் என்ற இந்தச் சலுகை சொந்த வரப்பில் வளர்த்த மூங்கிலுக்குத்தான். காப்புக்காட்டு மூங்கிலை அனுமதியில்லாமல் வெட்டுவது இன்றைக்கும் குற்றம்.

இப்போது இளைஞர்கள் கையில் இருப்பது பைபர் கம்பும் கார்பன் கம்பும். ஆன்லைனில் வாங்கிய, ஒன்றுக்குள் ஒன்று செருகும் மடக்குக் கம்புகளே அதிகம். இவற்றை வண்டு தொடாது, மண்தான் எதிரி. நம் கரிசல் வண்டல் நைசாக அடுக்குகளுக்கிடையே இறங்கி, காய்ந்து, தேய்க்கிறது. அடிமூடியைத் திருகிக் கழற்றினால் உள்கம்புகளைக் கீழ்வழியாக ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். ஈரத்துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, மறுபடி செருகுங்கள். இறுகிப்போன அடுக்கைக் குறடு போட்டுத் திருகாதீர்கள். கம்பைச் செங்குத்தாகப் பிடித்து, மரப்பலகை மேல் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால், கழுவியபின் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தங்கூசி நரம்பு ஓடும் வளையங்களில் வெள்ளைப் படிவம் சேர அந்த உப்புதான் காரணம். வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டுப் பஞ்சு போதும். உள்ளே விட்டுச் சுழற்றினால் கீறல் இருக்கும் இடத்தில் இழை மாட்டும். அந்த வளையம்தான் நரம்பை அறுக்கிறது. பழி முள்ளின் மேல் விழுகிறது.

ரீலைத் தண்ணீரில் முக்கவும் கூடாது, குழாயைத் திறந்து பீய்ச்சவும் கூடாது. மண் இன்னும் ஆழமாகப் போகும். துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காயெண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். எடுத்து வைக்கும் முன் பிரேக் திருகைத் தளர்த்திவிடுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் வட்டுகள் நசுங்கி, அடுத்த பருவத்தில் பெரிய மீன் ஓடும்போது நரம்பு சீராக விடாது.

தங்கூசி நரம்பு வெயிலில் வலுவிழக்கும். நகத்தால் உருவிப் பார்த்துச் சொரசொரப்பு தென்பட்டால் அந்த நீளத்தை வெட்டிவிடுங்கள். வெட்டிய துண்டைக் கரையில் மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி அங்கே வந்து இறங்குகிறது. இந்தச் சுற்றுவட்டார ஏரிகளில் இரை தேடும் பறவையின் காலில் ஒரு முழம் நரம்பு சுற்றினால் அது பட்டினியில் செத்துப்போகும். பொடியாக நறுக்கி, வீட்டுக் குப்பையில் போடுங்கள்.

கடைசியாக, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். நனைந்த மூங்கிலும் கடத்தும். நம் ஏரிக்கரைகளில் பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பிகள் பல இடத்தில் தாழ்ந்து தொங்குகின்றன. ஆகவே கரையேறும் முன்பே கம்பை மடக்கிவிடுங்கள். மடக்க முடியாத மூங்கில் கழியைத் தோளில் சாய்க்காமல் இடுப்பு உயரத்தில் கிடையாகப் பிடித்து நடங்கள். பிள்ளைகள் கூட வந்தால் அவர்கள் கம்பையும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

(தொடரும்)