கஷாயத்துக்குக் குமுட்டி அடுப்பு சரி... அறைக்குள் வேண்டாம்!

‘பாட்டியோட குமுட்டி அடுப்பைப் பரணிலிருந்து இறக்கிட்டோம் சார். கஷாயத்தை அதிலேயே வைக்கலாமா?’ என்று ரமணாசிரமம் பகுதியில் சிலர் கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். நாலு டம்ளர் தண்ணீர் நிதானமாக ஒரு டம்ளராகச் சுண்ட, மெல்லிய தணல்தான் உகந்தது.

முதலில் துருவைச் சுரண்டி, கம்பித் தட்டில் அடைத்திருக்கும் சாம்பலைத் தட்டிவிடுங்கள். உள்ளே மண் பூச்சு பெயர்ந்திருந்தால், களிமண்ணில் உமி பிசைந்து பூசி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு பற்றவைத்தால் பூச்சு வெடித்துவிடும். தேங்காய் நாரைக் கொளுத்தி, சின்னக் கரித்துண்டுகளைப் போட்டு, கீழ்வாயில் விசிறுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது.

அடுப்பின் இடம் முற்றம் அல்லது மொட்டை மாடி. கீழ்த்தள அறை, படுக்கையறை கூடவே கூடாது. ‘தணல்தானே, புகையே இல்லையே’ என்று மார்கழிக் குளிருக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். ஆபத்தே அங்கேதான்! கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், கரி அடுப்பை அறையில் வைத்துத் தூங்கிய இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கக் கலக்கம் தெரிந்தால் உடனே எல்லோரும் வெளியே வாருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: சுக்குக் கஷாயம் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அப்போது தேவை ஆஸ்பத்திரி ஆக்சிஜன்தான்!